எண்ணூற்று நாற்பத்தாறு பெட்டிகள், ஒரே எண்

பெங்களூரில் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில், அல்சூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்காரன் குதிரை கட்டிய நீளமான லாயம் ஒன்று இருந்தது. குதிரைகள் போயின, வெள்ளைக்காரனும் போனான், கடைசியில் ஓர் அரசாங்க இயக்ககம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. 'உரிமை கோரப்படாத பொருள்கள் குறியீட்டு இயக்ககம்' என்பது அதன் முழுப்பெயர். சுருக்கிச் சொல்ல மேலிடத்து அனுமதி வரவில்லை என்பதால் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் முழுப்பெயரையே மூச்சுப்பிடித்துச் சொல்லிவந்தார்கள். நமக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது, ஆகவே நாம் இயக்ககம் என்றே சொல்வோம்.

சண்டைக் காலத்தில் பர்மாவுக்குப் போன சிப்பாய்கள் கப்பலேறுவதற்கு முன்னால் தங்கள் இரும்புப் பெட்டிகளை அந்த லாயத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். வராதவர்களின் பெட்டிகள் எண்ணூற்று நாற்பத்தாறு. அவற்றை உரியவர் வீட்டில் சேர்ப்பதற்காக ஐம்பத்தாறாம் வருஷம், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி, இயக்ககத்தைத் திறந்தார்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் நம் கதை தொடங்கும்போது அங்கே அறுபத்தொரு பேர் வேலை பார்த்தார்கள், ஒரு கான்டீன் இருந்தது, கான்டீனுக்கு ஒரு கமிட்டி இருந்தது. பெட்டிகள் எண்ணூற்று நாற்பத்தாறும் அப்படியே இருந்தன.

அறுபத்தொன்றாவது ஆள் அய்யாவு. அல்சூர்க்காரன், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சாபீசில் காலால் மிதிக்கும் டிரெடில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். இயக்ககத்தில் லேபிள் அச்சடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தான். சேரும்போது ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெட்டிக்காரர் எவருக்கும் தான் உறவல்ல என்று அதில் உறுதி சொல்ல வேண்டும். உறவுக்காரன் உள்ளே இருந்தால் பெட்டியைச் சீக்கிரம் கொடுத்துவிடச் சொல்வான், அது நடுநிலைமைக்குக் கேடு என்பது விதி. அய்யாவு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அது சுத்தப் பொய். அவனுடைய அண்ணன் பெருமாள்சாமியின் பெட்டி அந்த லாயத்துக்குள்தான் இருந்தது, அதற்காகத்தான் அவன் அங்கே சேர்ந்ததே.

பெருமாள்சாமி நாற்பத்து நாலில் காணாமல் போனவன். 'காணவில்லை' என்று ஒரு தந்தி வந்தது, அதற்குப்பிறகு ஒன்றும் வரவில்லை. அவன் பெண்டாட்டி யசோதாவுக்கு அப்போது இருபது வயது. மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள், அய்யாவு குடும்பம் இருந்த காம்பவுண்டிலேயே ஒரு அறையில் தனியாக இருந்தாள். பொட்டு வைத்தால் அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்த்தது, வைக்காவிட்டால் அவளுக்கே மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வைப்பது என்று அவளாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டு பத்தொன்பது வருஷத்தைத் தள்ளிவிட்டாள். பெட்டியைக் கேட்டு அவள் போடாத மனு இல்லை. பெட்டி வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றது இயக்ககம். சான்றிதழ் வேண்டுமானால் ஆள் செத்ததற்கு ஆதாரமாகப் பெட்டி திரும்பி வந்திருக்க வேண்டும் என்றது இன்னோர் ஆபீஸ். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் முக்கால் மைல் தூரம், அதை அவள் நடந்தே தேய்த்தாள்.

ஒருநாள் அய்யாவிடம் அவள் மனசை விட்டுச் சொன்னாள்: "பொட்டில என்ன இருக்குன்னு பாக்க எனக்கு ஆசை இல்ல தம்பி. பொட்டி வந்துட்டா அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அத மட்டும் யாராச்சும் சொல்லிட்டா போதும்."

இதுதான் அய்யாவுக்கு இருந்த ஒரே காரியம். அண்ணன் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், அண்ணிக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

இயக்குநர் சேஷகிரி அதற்கு முந்தின வருஷம்தான் பதினோரு வாரம் வெளிநாடு போய்விட்டு வந்திருந்தார். அங்கே ஒரு கண்காட்சியில், பொருள்மேல் ஒட்டிய தடித்த கோட்டையும் மெல்லிய கோட்டையும் ஒரு மிஷின் வெளிச்சம் போட்டுப் படித்து, இது இன்ன பொருள் என்று சொன்னதை அவர் பார்த்தாராம். பார்த்தது அரை மணி நேரம். அதைப்பற்றி அவர் எழுதிய அறிக்கை முந்நூறு பக்கம். எழுத்தால் பெயர் எழுதுவது பழைய காலம், இனிமேல் எல்லாம் கோடுதான் என்று அதில் முடிவு கட்டியிருந்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து கோடு, அதில் இரண்டு தடி, மூன்று மெலிசு. முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு முடிவுக் குறி. மொத்தம் பன்னிரண்டு எண். பன்னிரண்டாவது எண் மற்ற பதினொன்றையும் சரிபார்க்கும் சோதனை எண். ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் பத்தின் மடங்காக வரவேண்டும், வராவிட்டால் அந்தப் பொருள் இல்லை என்று அர்த்தம்.

பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்குமே என்று ஒருவர் கேட்டதற்கு, கண் சோதனை செய்யப்பட்ட கருவி அல்ல என்று சேஷகிரி பதில் எழுதினார்.

அய்யாவு பித்தளைக் கோடுகளை அடுக்கி முதல் லேபிளைக் கோத்தான். சோதனை எண் அதிகாரி வெங்கடராமன் கணக்குப் போட்டுக் கொடுத்த எண் அது. இரண்டாவது பெட்டிக்கு என்ன எண் என்று கேட்டான். அதே எண்தான் என்றார் வெங்கடராமன். மூன்றாவதற்கும் அதே எண். அய்யாவு தலையைச் சொறிந்தான். வெங்கடராமன் பொறுமையாக விளக்கினார். முதல் இரண்டு எண் பொருளின் வகை, அடுத்த இரண்டு உலோகம், அடுத்தது நிறம், அடுத்தது பூட்டு, அப்புறம் நீள அகல உயரம். எல்லாமே பெட்டி, எல்லாமே இரும்பு, எல்லாமே பச்சை, எல்லாவற்றுக்கும் ஒரு பூட்டு, எல்லாம் ஒரே அளவு. எண் எப்படி மாறும்?

"அப்ப எது யாரோடதுன்னு எப்டி சார் தெரியும்?" என்றான் அய்யாவு.

"அது பதிமூன்றாவது எண். பதிமூன்றாவது எண்ணுக்கு டெல்லிக்கு எழுதியிருக்கிறது" என்றார் வெங்கடராமன். ஆளை எண்ணுவது சென்சஸ்காரர்கள் வேலை, நம்முடையது பொருளை எண்ணுவது என்று சேர்த்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. மூன்றால் பெருக்கிப் பெருக்கியே அப்படி ஆகிவிட்டார்.

எண்ணூற்று நாற்பத்தாறு லேபிளும் ஓர் இம்மிகூட வித்தியாசம் இல்லாமல் அச்சாகி வந்தன. இவ்வளவு துல்லியம் ஆசியாவிலேயே கிடையாது என்று சேஷகிரி மேலே எழுதினார், மேலிருந்து பாராட்டும் வந்தது.

இனி லாயத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். பகல் முழுக்கத் தகரக் கூரை காயும். நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் பெட்டிகள் ஒவ்வொன்றாக 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக அடுத்த மூலைவரைக்கும் போகும். பியூன் கோவிந்தப்பா அந்த நேரத்தில் உள்ளே கால் வைக்கமாட்டான். பட்டாளத்தில் சாயங்காலம் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா, அதற்கு அவர்கள் ஆஜர் சொல்கிறார்கள் என்பான். இது இயக்குநர் காதுக்குப் போய், உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது. சத்தத்துக்குக் காரணம் இரும்பு சுருங்குவதே என்று ஊழியர்கள் கருத வேண்டும், ஒப்புதல் பெற்ற ஊழியர் பட்டியலில் ஆவிகளுக்கு இடமில்லை, அறுபத்தொரு பேரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அய்யாவு மட்டும் நாலு மணிக்கு வேலை இருப்பதுபோல உள்ளே போய் நின்றான். இத்தனை டொக்கில் அண்ணனுடையது எதுவோ என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பான். பயம் இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

அடுத்தது வெற்றிட விதி. லேபிளுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் குழம்பிவிடும். பெட்டியின் முகப்பில் நடுவாக லேபிள் ஒட்டினால் அந்த ஒரு சாணில் என்ன இருந்தது? வெள்ளைப் பெயின்டில் சிப்பாயின் பெயர் இருந்தது, முகப்புகள் ஒன்றையொன்று பார்க்க நெருக்கி அடுக்கியிருந்ததால் அதுவரைக்கும் யாரும் படிக்காத பெயர். ஆகவே பெயர்களைச் சுரண்டிவிட உத்தரவு வந்தது.

அய்யாவும் பெர்னார்டும் அந்த வேலைக்கு. பெர்னார்ட் லிங்கராஜபுரத்து ஆள், பெட்டி தூக்குகிறவன், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். வாசல் பக்கமிருந்து அய்யாவு, பின்பக்கமிருந்து பெர்னார்ட், நடுவில் சந்திப்பது என்று ஏற்பாடு. அய்யாவு ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உப்புத்தாளை வைத்தான். பெருமாள்சாமி என்று வந்தால் அந்தப் பெட்டியில் ரகசியமாக ஒரு கீறல் போட்டுவைப்பது என்று நினைத்திருந்தான். பெர்னார்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கலாம். சொன்னால் அந்தப் பாரத்தில் போட்ட கையெழுத்து பொய் என்று தெரிந்துவிடும், வேலை போய்விடும், பெட்டியும் போய்விடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவன் செய்த பெரிய தப்பு அந்த வாயைத் திறக்காததுதான்.

ஒன்பதாம் நாள் இரண்டு பேரும் நடுவில் சந்தித்தார்கள். அய்யாவு பக்கம் நானூற்று இருபது பெயர், அதில் அண்ணன் பெயர் இல்லை. உன் பக்கம் பெருமாள்சாமி என்று ஏதாவது பெயர் வந்ததா என்று கேட்டான். பெர்னார்ட் கையிலிருந்த பச்சைத் தூளைத் தட்டினான்.

"மொத பத்து பேரு படிச்சேன்பா. ஒவ்வொரு பேருக்கும் ஒரு மன்றாட்டு சொன்னேன். வீட்டுக்குப் போனா அந்தப் பத்து பேரும் வந்து சுத்தி நிக்கறாங்க. அதுக்கப்புறம் கண்ண மூடிக்கிட்டேதான் தேச்சேன். எனக்கு ஒரு பேரும் தெரியாது."

அன்றைக்கு நாலு மணி ஆயிற்று, வெயில் சாய்ந்தது, லாயத்தில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. இரும்பு சுருங்கினால் சத்தம் வரும் என்று சொன்ன சுற்றறிக்கை, இரும்பு அதே இரும்பாக இருக்கும்போது சத்தம் ஏன் நின்றது என்று சொல்லவில்லை. ஆஜர் சொல்ல யாரும் பெயர் கூப்பிடவில்லையே என்றான் கோவிந்தப்பா. முன்பு நாலு மணிக்கு மட்டும் பயந்தவன் இப்போது நாள் முழுக்கப் பயந்தான். அய்யாவும் அப்படித்தான். சத்தம் இருந்தபோது அங்கே யாரோ இருந்தார்கள் என்ற ஒரு தெம்பு இருந்தது, அதுவும் போய்விட்டது.

மிஷின் வந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். அந்நியச் செலாவணி இல்லை, மிஷின் வராது என்று டெல்லி கையை விரித்தது. அதே கடிதத்தின் அடியில், மிஷினைத் தொடங்கிவைக்க ஒரு மேலதிகாரி அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வருகிறார் என்றும் இருந்தது. சேஷகிரி கலங்குகிற ஆளில்லை. ஆளுயர மரப் பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். சாம்பல் பெயின்ட் அடித்து, மேலே ஒரு சிவப்பு பல்பும், முன்னால் ஒரு நீளமான துவாரமும், பக்கத்தில் ஒரு மணியும் வைத்தார்கள். அப்புறம் அய்யாவைக் கூப்பிட்டனுப்பினார். இயக்ககத்திலேயே கோட்டைக் கண்ணால் பார்த்து எண்ணைச் சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான்.

"நீங்கள் மிஷினுக்கு உதவியாள் இல்லை அய்யாவு. மிஷின் வரும்வரைக்கும் நீங்கள்தான் மிஷின்" என்றார் சேஷகிரி. "எண் தப்பாக இருந்தால் ஒரு மணி, சரியாக இருந்தால் இரண்டு மணி. ஆனால் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஆள் இருந்ததாக ரெக்கார்டில் இருக்கக் கூடாது."

அய்யாவு வயிற்றுப்போக்கு என்று லீவு எழுதிக் கொடுத்தான்.

பதினைந்தாம் தேதி லாயத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டார்கள். மரப் பெட்டிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அய்யாவுக்குத் துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் தரையும் கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரிந்தன, ஆனால் பேச்சு நன்றாகக் கேட்டது. சேஷகிரி மைக்கைப் பிடித்தார்.

"இந்த இயக்ககம் ஏழு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடத் தவறான ஆளிடம் கொடுத்ததில்லை" என்றார். கைதட்டினார்கள். "பெயர் என்பது ஓர் அசுத்தம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எண்ணுக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. சிலர் கேட்கிறார்கள், இந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் யார் என்று. நான் சொல்கிறேன், சொந்தக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பொருள் நிலையானது. எங்களிடம் வந்த பொருள் எங்களைவிட்டுப் போவதில்லை."

மிஷின் ஒப்புக்கொண்டால் இறப்புச் சான்றிதழ் தேவையில்லை என்று விதியை மாற்றியிருந்தார்கள். முதல் மனுதாரரைக் கூப்பிட்டார்கள். கோப்பு யாருடையது தடிமனோ அவர்தான் முதல் என்று தீர்மானித்திருந்தார்கள். யசோதா, பெருமாள்சாமியின் மனைவி, என்று மைக்கில் வந்ததும் மரப் பெட்டிக்குள் இருந்தவன் துவாரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். தம்பி ஏதோ மிஷின் செக்ஷனில் இருக்கிறான் என்று மட்டும்தான் அண்ணிக்குத் தெரியும்.

பெர்னார்ட் கைக்கு வந்த ஒரு பெட்டியைத் தூக்கிவந்து துவாரத்துக்கு முன்னால் வைத்தான். தொடக்கக் குறி, அறுபது கோடு, முடிவுக் குறி. அய்யாவு கோத்த அதே கோடுகள். படிக்கவே வேண்டாம், எந்தப் பெட்டியை வைத்தாலும் சோதனை எண் சரியாகத்தான் வரும். விதிப்படி இரண்டு மணி அடிக்க வேண்டும். அடித்தால் இதுவே பெருமாள்சாமியின் பெட்டி, பெருமாள்சாமி செத்தவன். இது எண்ணூற்று நாற்பத்தாறில் எதுவாகவும் இருக்கலாம் என்று நன்றாகத் தெரிந்த ஆள் மணிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ ஒருவன் பெட்டியைக் கொடுத்து அண்ணனைக் கொல்லவா? ஒற்றை மணி அடித்து அண்ணியை இன்னும் ஒரு பத்தொன்பது வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக உட்கார வைக்கவா?

நேரம் போயிற்று. மிஷின் யோசிக்கிறது என்று சேஷகிரி விருந்தாளியிடம் சொல்வது கேட்டது. அப்போது துவாரத்துக்கு நேராக ஒரு நூல்புடவைக் கொசுவம் வந்து நின்றது. அண்ணி குனிந்து, மிஷினுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உண்டா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடு சாமி. என்னால இனிமே முடியல."

அய்யாவு இரண்டு மணி அடித்தான்.

சாயங்காலம் அவள் அறையில் பெட்டி இருந்தது. ரசீதில் ரேகை வைத்தாகிவிட்டது, கோப்பு மூடியாகிவிட்டது. பூட்டை உடைத்துக் கொடுத்தது அய்யாவுதான். இயக்ககத்தில் பூட்டைத் தொடக்கூடாது என்பது விதி, பெட்டியின் உள்பக்கம் வேறு அமைச்சகத்தைச் சேர்ந்ததாம். உள்ளே இரண்டு காக்கிச் சட்டை, ஒரு சீப்பு, கறுப்பு மணி ஜெபமாலை ஒன்று, ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்துபோன ஒரு கட்டுக் கடிதம். யசோதா சட்டையை எடுத்துத் தோள்பக்கத்தைக் கையால் அளந்து பார்த்தாள், மடித்து வைத்தாள். அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், பாரத்தில் போட்ட கையெழுத்து, பெர்னார்ட் மூடிய கண், மரப் பெட்டிக்குள் இருந்தது யார் என்பது வரைக்கும்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தான். அவள் திட்டவில்லை.

"அவரு சட்ட அளவு எனக்குத் தெரியாதா? தொறந்த உடனே தெரிஞ்சிடுச்சு. யாரோ வேதக்காரங்க வீட்டுப் பிள்ள. அந்தக் கொட்டாயில அநாதையா கெடந்தது போதும், இங்கயே இருக்கட்டும்." கொஞ்சநேரம் ஜெபமாலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "உங்க அண்ணனும் அங்கதான் கெடக்காரு. அவரையும் யார் வீட்டுக்காச்சும் அனுப்பி வெச்சிடு தம்பி."

அப்புறம் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். நம் விளக்கு இந்தப் பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்று, கடைத்தெருவுக்குப் போய் மெழுகுவத்தி வாங்கிவந்து பெட்டிமேல் ஏற்றினாள். பத்தொன்பது வருஷமாகத் தேக்கிவைத்திருந்த அழுகையை அந்த முன்பின் தெரியாதவனுக்காக அழுது முடித்தாள்.

சேதி பரவியது. திங்கட்கிழமை காலையில் லாயத்து வாசலில் வரிசை ஏரிக்கரைவரைக்கும் நின்றது. அல்சூரிலிருந்து, லிங்கராஜபுரத்திலிருந்து, அத்திபெலேயிலிருந்து முதல் பஸ் பிடித்துவந்தவர்கள், எல்லாரும் பெண்கள், தலை நரைத்தவர்கள். மரப் பெட்டிக்குள் அய்யாவு உட்கார்ந்திருந்தான், வெளியே ரெக்கார்டில் அவனுக்கு வயிற்றுப்போக்கு நீடித்தது. ஒவ்வொரு பெட்டியாகத் துவாரத்துக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் இரண்டு மணி அடித்தான். சிலபேர் பெட்டியைப் பார்த்ததுமே உட்கார்ந்து அழுதார்கள், சிலபேர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தார்கள். யாருடைய பிள்ளையோ யாருடைய வீட்டுக்கோ போய்க்கொண்டே இருந்தான். லாயத்தின் பின்பக்கச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.

விருந்தாளி அதிகாரி ஊருக்குத் திரும்புமுன் இன்னொரு முறை பார்க்க வந்தார். இதுவரைக்கும் ஒரு பிழைகூட இல்லை என்று சேஷகிரி அவருக்குக் கணக்குக் காட்டினார். அதிகாரி மிஷினிடம் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் மணி அடிப்பதற்கு முன்னால் உள்ளே ஏதோ முணுமுணுப்பு வருகிறதே என்று கேட்டார்.

"கணக்குப் போடும் சத்தம் சார். தரமான மிஷின் என்றால் அப்படித்தான்" என்றார் சேஷகிரி.

உள்ளே இருந்தவன் அடுத்த பெட்டியைத் துவாரத்தின் வழியாகப் பார்த்தான். அது அண்ணனாகவும் இருக்கலாம். "போய்ட்டு வாண்ணே" என்றான், இரண்டு மணி அடித்தான்.